தெருமுனையில் என் முகம்

ஜனவரி 18, சனிக்கிழமை

இந்த நோட்டு உங்கள் கையில் கிடைத்திருந்தால் தயவுசெய்து இங்கேயே மூடிவிடுங்கள். மூட மனசு வரவில்லை என்றால் படித்துக்கொள்ளுங்கள், ஆனால் யாரிடமும் காட்டாதீர்கள். அப்பாவிடம் காட்டாதீர்கள். கதிர் மாமாவிடம் காட்டவே காட்டாதீர்கள். அம்மாவிடம் காட்டினால் அவள் அழுதுவிட்டு அப்பாவிடம் கொடுத்துவிடுவாள், அதனால் அவளும் வேண்டாம். என் தங்கை கனியும் வேண்டாம். ஏழாவது படிக்கிறாள், வாயில் ஒன்றும் நிற்காது.

நான் பவதாரணி. பத்தாவது. ஊர் அருப்புக்கோட்டை. பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லி ராத்திரி ஸ்டோர் ரூமுக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறேன். ஒரு பக்கம் அரிசி மூட்டை, ஒரு பக்கம் பழைய பாத்திரம், நடுவில் நான்.

அப்பா மதுரை ரூட்டில் ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். எங்கள் வீட்டில் பெண் பிள்ளைகள் செல்போனைத் தொடக்கூடாது. போன வருஷம் அம்மாவின் போனில் நான் எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா பிடுங்கித் தண்ணீர் டிரம்முக்குள் போட்டார். "இன்னொரு தடவ ஒன் கையில பாத்தேன், பத்தாவதோட படிப்பு முடிஞ்சுபோச்சு. சொல்லிட்டேன்" என்றார். அப்பா சும்மா சொல்கிற ஆள் இல்லை. அம்மா அந்தப் போனை அரிசிக்குள் புதைத்து வைத்துப் பார்த்தாள். பிழைக்கவில்லை.

ஆனால் லீவு நாளில் மாமா கடைக்குப் போகலாம். அங்கே இருப்பது செல்போன் இல்லை, கம்ப்யூட்டர். அதுவும் வேலைக்காக. கதிர் மாமா அம்மாவுடைய தம்பி. பஸ் ஸ்டாண்டு எதிரில் ஃப்ளெக்ஸ் டிசைன் கடை வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, கட்சி, கண்ணீர் அஞ்சலி, எது என்றாலும் ஊரில் பாதி பேனர் மாமா கை பட்டதுதான். நான் தமிழ் வேகமாக டைப் அடிப்பேன் என்று கூப்பிட்டுக்கொள்வார்.

இன்று ஒரு காதுகுத்து பேனருக்கு ரோஜா வேண்டும் என்றார். நெட்டில் தேடினேன். ரோஜாக்களுக்கு நடுவில் ஒரு நாற்காலி வந்தது. ரோஜா முள்ளாலேயே செய்தது. பூ ஒன்றுகூட இல்லை. யாரோ ஒருவர் வேலை மெனக்கெட்டு, உட்காரவே முடியாத ஒரு நாற்காலியைச் செய்து, நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்.

அழுத்தினேன். ஒரு பக்கம் திறந்தது. எங்கெங்கோ இருக்கிறவர்கள் செய்த விசித்திரமான பொருள்களாகத் தேடிப் போடுகிற பக்கம். நாம் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மேஜை விளக்கு. முழங்காலை ஒடுக்கிக் கூச்சப்பட்டு நிற்கும் மேஜை. சண்டை போட்ட இரண்டு பேர் சேர்ந்து போட வேண்டிய ஒரே சட்டை. ஒரு அம்மா தான் வாங்கிய பிளாஸ்டிக் பைகளை எல்லாம் ஒன்றுவிடாமல் நீவி, கண்ணாடி போட்டு, சாமி படம்போல் சுவரில் மாட்டியிருந்தாள்.

"என்னடி, தனியா சிரிக்கிற?" என்றார் மாமா.

"ரோஜா நல்லாருக்கு மாமா."

சிரித்தேனா என்று தெரியாது. இப்படியெல்லாம் செய்யலாமா? செய்தால் யாரும் அடிக்க மாட்டார்களா?

ஜனவரி 20, திங்கள்

கூச்சப்படும் மேஜையை வரைந்து பார்த்தேன். கால் சரியாக வரவில்லை. கணக்கு டெஸ்டும் சரியாக வரவில்லை.

ஜனவரி 25, சனிக்கிழமை

இன்று தைரியம் வந்து முள் நாற்காலியை மாமாவிடம் காட்டினேன்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "இதுக்கு யாரு ஆர்டர் குடுத்தா?"

"யாரும் குடுக்கல மாமா. அவரா செஞ்சது."

"ஆர்டர் இல்லாம செஞ்சானா? அப்ப லூசு."

பக்கத்து சிஸ்டத்தில் இருந்த அன்வர் அண்ணன் எட்டிப் பார்த்தார். மாமாவோடு சேர்ந்து டிசைன் வேலை பார்க்கிறவர். "எங்க அத்தாவுக்குப் பைல்ஸ் இருக்கு, அவர்ட்ட காட்டிராத பாப்பா, மயங்கிருவாரு" என்றார்.

கடை முழுக்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மாமா விளக்குப் படத்தை மட்டும் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார். "நெழல எப்படி விழ வச்சிருக்கான் பாரு, திருட்டுப் பய" என்றார். மாமாவுக்குக் கண் உண்டு. அதுதான் எனக்கு அவர்மேல் இன்னும் அதிகமாகக் கோபம் வருகிற இடம். எதற்குக் கோபம் என்று நாளைக்கு எழுதுகிறேன். இப்போது தூக்கம் வருகிறது.

ஜனவரி 26, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. வரவே போவதில்லை.

குடியரசு தினக் கொடியேற்றம் முடிந்து கடைக்குப் போனேன். மாமா டீ குடிக்கப் போயிருந்தார். அந்தப் பக்கத்தைத் திறந்து கீழே கீழே தள்ளிக்கொண்டே போனேன். திடீரென்று நான் வந்தேன்.

நான். என் முகம்.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். நான் எட்டாவது படிக்கும்போது வயசுக்கு வந்தேன். மஞ்சள் நீராட்டு விழா வைத்தார்கள். மாமா தன் செலவில் பேனர் வைத்தார், தாய்மாமன் இல்லையா. மெயின் பஜார் முனையில் ஒன்று, எங்கள் தெருமுனையில் ஒன்று. நான் பிறை நிலாமேல் உட்கார்ந்திருப்பேன். முகம் மட்டும்தான் நான். பட்டுப் புடவையும் கன்னத்தில் விரல் வைத்த கையும் கம்ப்யூட்டரில் கிடந்த யாரோ ஒருத்தியுடையவை. என் கறுப்பு மாமாவுக்குப் பிடிக்கவில்லை, அதனால் முகத்தைச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தார். பின்னால் அருவி, இரண்டு சிங்கம், வானத்திலிருந்து தங்கக்காசு மழை. ஓரத்தில் மாமா கறுப்புக் கண்ணாடியும் காதில் போனுமாக என்னைவிடப் பெரிதாக நின்றார். கீழே வரிசையாகச் சித்தப்பா, பெரியப்பா, அவர்களுடைய கூட்டாளிகள், யார் யாரோ ஆம்பளைகள். எனக்குப் பாதிப் பேரைத் தெரியாது. எனக்கு என்ன ஆனது என்பது மட்டும் அவர்கள் எல்லோருக்கும் தெரியும், பஸ்ஸில் போகிற வருகிற எல்லோருக்கும் தெரியும், எங்கள் வகுப்புப் பையன்களுக்கும் தெரியும். "டேய், நிலா வருதுடா" என்பார்கள். இப்போதும் சொல்கிறார்கள்.

விழா முடிந்தும் பேனரை அவிழ்க்கவில்லை. ஒரு ஆடு ஒரு சிங்கத்தைத் தின்றது. கடைசியில் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஐஸ் ஃபாக்டரிக்குப் பின்னால் ஒரு கோழிக் கூண்டுமேல் மழைக்குப் போட்டிருக்கிறார்கள். என் பாதி முகம் அங்கே இருக்கிறது, தலைகீழாக. அந்த வழியாக நான் ஸ்கூலுக்குப் போவதில்லை. சுற்றிக்கொண்டு போகிறேன்.

அந்த பேனரைத்தான் யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில், முள் நாற்காலிக்கும் விளக்குக்கும் கீழே போட்டிருக்கிறார்கள். இங்கிலீஷில் எழுதியிருந்ததை மெதுவாகப் படித்தேன். தென்னிந்தியத் தெருவோர டிசைன், அளவில்லாத துணிச்சல், அளவில்லாத நிறம். வடிவமைத்தவர் யாரென்று தெரியவில்லை. சிறுமி யாரென்று தெரியவில்லை.

தெரியவில்லையாம். என் பெயர் அதில் என் தலையைவிடப் பெரிதாக எழுதியிருக்கிறது. பவதாரணி. அதற்குத் தங்கத்தில் நிழல் வேறு. தமிழ் தெரிந்த யாரிடமாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கேட்கத் தோன்றவில்லை. பிளாஸ்டிக் பைக்குப் பெயர் கேட்பார்களா?

கீழே எத்தனை பேர் எழுதியிருந்தார்கள். இது சாமியா? இது நகைக்கடை விளம்பரமா? இந்தக் குழந்தை தேர்தலில் நிற்கிறாளா? சிரிக்கிற முகங்கள், வரிசையாக. ஒரு பெண் "இதை என் குளியலறையில் மாட்ட ஆசை" என்று எழுதியிருந்தாள். கடைசியில் ஒரு தமிழ் ஆள் வந்து விளக்கம் கொடுத்திருந்தார். அவர்தான் மோசம். இது நகை இல்லை, தேர்தல் இல்லை, இந்தப் பெண் பூப்பெய்தியதை ஊருக்குச் சொல்லும் பேனர் என்று பாடம் எடுத்திருந்தார். அதற்குக் கீழே சிரிப்பு இரண்டு மடங்கு.

இது ஒன்றுதான் எனக்கென்று இருந்த இடம். யாருக்கும் தெரியாமல் நான் கண்டுபிடித்த இடம். அங்கேயும் எனக்கு முன்னால் போய் நிலாமேல் உட்கார்ந்திருக்கிறேன்.

மாமா டீயோடு வந்தார். மூடிவிட்டேன்.

ஜனவரி 29, புதன்

அம்மா குளிக்கும்போது அவள் புதுப் போனில் மறுபடி பார்த்தேன். முள் நாற்காலியைவிட எனக்குத்தான் லைக் அதிகம். சும்மாதான் பார்த்தேன்.

பிப்ரவரி 1, சனிக்கிழமை

நேற்று ஸ்கூலிலிருந்து கனியைப் பாதியில் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவளும் பெரிய மனுஷி ஆகிவிட்டாள். பன்னிரண்டு வயசு. இன்னும் வாயில் விரல் வைத்துத்தான் தூங்குகிறாள்.

மாமா தென்னை ஓலை கொண்டுவந்து ஹாலின் மூலையில் தடுப்புக் கட்டினார். தனிப்பாய், தனித்தட்டு. குறுக்கே உலக்கை. விழா வரைக்கும் யாரும் அவளைத் தொடக்கூடாது, அவளும் அந்த மூலையை விட்டு வரக்கூடாது. எனக்கும் இப்படித்தான் வைத்தார்கள். விழா பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மண்டபம் சொல்லியாகிவிட்டது.

"பேனர் மூணு" என்றார் மாமா. "பஸ் ஸ்டாண்டுலயும் ஒண்ணு. இந்தத் தடவ நிலா கிலா வேண்டாம். வேற மாதிரி செய்வோம்."

"மாமா, எனக்கு றெக்க வச்ச குதிர!" ஓலைக்குப் பின்னாலிருந்து கனி கத்தினாள். "டிராகனும்!"

"ரெண்டும் போட்ருவோம்டி என் தங்கம்."

கனிக்குத் தெரியாது. பேனருக்கு மறுநாள் வகுப்புக்குள் நுழைவது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அவளை என்னவென்று கூப்பிடுவார்கள்? குதிரை என்றா, டிராகன் என்றா?

மதியம் கடைக்குப் போனேன். மாமா கடை அக்கவுண்டிலிருந்து அந்தப் பக்கத்துக்கு இங்கிலீஷில் எழுதினேன். இந்த பேனரில் இருப்பது நான். என்னைக் கேட்காமல் போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். இதில் கேலி செய்ய ஒன்றும் இல்லை. என் பெயர் பவதாரணி. டிக்‌ஷனரி பார்த்து எழுதினேன். அனுப்பிவிட்டு, அனுப்பியதை அழித்துவிட்டேன். படத்தை எடுத்துவிட்டால் ஒன்று முடியும். கனியுடையதை எப்படித் தடுப்பது என்று அப்புறம் யோசிக்கலாம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

அழித்தால் பதில் வராது என்று நினைத்தேன். நான் ஒரு மடச்சி.

சாயங்காலம் மாமா பைக்கை நிறுத்தாமலே கத்திக்கொண்டு வந்தார். "அக்கா! ஏ அக்கா! தாரணி எங்க?"

நான் ஸ்டோர் ரூமுக்குள் ஓடி அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். முடிந்தது என்று நினைத்தேன். படிப்பு, ஸ்கூல், எல்லாம். மாமா உள்ளே வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். அடிக்கப் போகிறார் என்று கண்ணை மூடினேன். என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார்.

"மருமகளே! நம்ம நிலா ஃபாரின் போயிருச்சுடி!"

பதில் மாமாவின் போனுக்கு வந்திருக்கிறது. அந்தப் பக்கத்துக்காரர்கள் ரொம்ப மரியாதையாக எழுதியிருந்தார்கள். தொடர்பு கொண்டதற்கு மிக்க மகிழ்ச்சி. உங்கள் பேனர் எங்கள் வாசகர்களின் மனம் கவர்ந்தது. உங்களிடம் வேறு பேனர்கள் உண்டா? புதிதாக ஏதாவது செய்கிறீர்களா? வடிவமைத்தவரின் பெயரைப் போட விரும்புகிறோம். எடுத்துவிடுங்கள் என்று நான் எழுதியதற்கு ஒரு சொல்கூடப் பதில் இல்லை. என் பெயருக்குப் பதில் இல்லை. மாமா தன் பெயரை அனுப்பிவிட்டார். இப்போது அங்கே "வடிவமைப்பு: கதிரேசன், அருப்புக்கோட்டை" என்று இருக்கிறது. சிறுமி இன்னும் யாரென்று தெரியவில்லை.

"நீதானே அவனுகளுக்கு எழுதுன? கெட்டிக்காரி! மாமாவுக்கு சர்ப்ரைஸ் குடுக்கணும்னு பண்ணிருக்கா!"

அவர் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பயம்தான். வேறு ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 5, புதன்

அப்பா நேற்று ராத்திரி வந்து மாமாவின் போனில் பார்த்தார். போனைத் தண்ணீரில் போடவில்லை. "எத்தன பேரு பாத்திருக்கான்?" என்று கேட்டார். மாமா சொன்னார். "எங்க பஸ்ஸு பூராம் பத்து வருஷம் ஏத்துனாலும் இத்தன பேர ஏத்த முடியாதேய்யா" என்று சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்து ரொம்ப நாளாகிறது. அந்தச் சிரிப்பு இதற்கா வர வேண்டும்?

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அம்மா மட்டும் போனை வைத்துக்கொண்டு படத்தை விரலால் பெரிதாக்கி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா தேடுற?"

"ஒண்ணுமில்ல. நான் எங்கயாச்சும் நிக்கிறனான்னு பாத்தேன்."

அம்மா அதில் இல்லை. பெரியப்பாவின் கார் டிரைவர்கூட இருக்கிறார். அம்மா இல்லை. போனை வைத்துவிட்டு ரசம் சுடவைக்கப் போய்விட்டாள்.

மாமா இப்போது கனி பேனரை இருபதடி ஆக்கப்போகிறார். முதலில் பன்னிரண்டடியாக இருந்தது. "ஃபாரின்காரன் அசந்துரணும்" என்கிறார். வைத்த அன்றே படம் எடுத்து அனுப்பப்போகிறார். நான் எழுதியதால்தான் இது. தடுக்கப் போய் இரண்டு பங்காக்கிவிட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அப்பாவுக்கு இன்று டூட்டி இல்லை. கறி எடுத்து வந்தார். சாப்பிட்டு முடித்து நல்ல குணமாக இருந்த நேரம் பார்த்துக் கேட்டேன்.

"அப்பா, கனிக்கு பேனர் வேண்டாம்ப்பா. விழா மட்டும் போதும்."

"ஏன்?"

"ஸ்கூல்ல கேலி பண்ணுவாங்கப்பா. என்னயப் பண்ணுனாங்க."

"எவன் பண்ணுனான்? பேரச் சொல்லு."

அப்பாவுக்குப் பெயர் வேண்டும். பெயர் சொன்னால் அந்தப் பையன் வீட்டுக்குப் போய்ச் சட்டையைப் பிடிப்பார். அப்புறம் ஊர் முழுக்க இன்னொரு தடவை என்னைப் பற்றிப் பேசும். சொல்லவில்லை.

"பாப்பா, ஒனக்கு வச்சிட்டு அவளுக்கு வைக்காம விட்டா என்ன பேசுவான் தெரியுமா? ரெண்டாவது புள்ளைய செல்வம் கண்டுக்கிறல பாரும்பான். பஸ்ல ஏறுற அம்புட்டுப் பேரும் என்ட்ட கேப்பான்." அப்பா எழுந்து கை கழுவப் போனார். பாதியில் நின்றார். "புள்ளைக்கு ஆசையா செய்யிறோம். அதக் குத்தம்னு சொல்ற. இந்தப் படிப்பு ஒன்ன எங்க கொண்டுபோய் விடுதுன்னு எனக்குத் தெரியல."

படிப்பு என்று சொல்லிவிட்டார். அதற்குமேல் பேச எனக்குத் துணிச்சல் இல்லை.

ராத்திரி ஓலைத் தடுப்புக்கு வெளியே உட்கார்ந்து கனியிடமே கேட்டேன். "ஏ கனி, வேண்டாம்னு நீயே மாமாட்ட சொல்லு. நீ சொன்னா கேப்பாரு."

"நான் ஏன் சொல்லணும்?"

"எல்லாரும் ஒன்னயப் பாப்பாங்கடி."

"பாக்கட்டும்."

"பாத்துச் சிரிப்பாங்க."

"ஒன்னயப் பாத்துத்தான் சிரிச்சாங்க. நீ மூஞ்சிய உம்முனு வச்சிருந்த." ஓலை இடுக்கு வழியாக அவள் கண் மட்டும் தெரிந்தது. "ஒனக்குப் பொறாமைக்கா. ஒனக்கு வெறும் நிலா. எனக்குக் குதிர. இனிமே அந்த ஃபாரின் பக்கத்துல ஒன்ன எடுத்துட்டு என்னயத்தான் போடுவாங்க."

அறைந்திருப்பேன். தொடக்கூடாது என்பதால் விட்டேன்.

அவள் சின்னப் பிள்ளை. சின்னப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று அதற்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும்.

பிப்ரவரி 12, புதன்

யாரும் ஆர்டர் கொடுக்காமல் ஒருவன் முள்ளில் நாற்காலி செய்கிறான். நான் எதற்கும் லாயக்கில்லாமல் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் அழுதுகொண்டிருக்கிறேன். அழுவதில்கூடச் சத்தம் வரக்கூடாது.

பிப்ரவரி 15, சனிக்கிழமை

செய்துவிட்டேன். மெதுவாக எழுத வேண்டும்.

அன்வர் அண்ணன் ஊரில் இல்லை, கொழுந்தியா கல்யாணம். மாமா மண்டபத்தில் பந்தலும் சமையலும் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஊருக்குப் போகுமுன் பேனர் வேலையை முக்கால்வாசி முடித்து வைத்திருந்தார். மாமா மண்டபத்துக்குக் கிளம்புமுன் என்னைக் கடையில் உட்கார வைத்துச் சொல்லியிருந்தார்: "பேரெல்லாம் டைப் அடிச்சு முடி. சின்னதா ஒரு ப்ரூஃப் என் போனுக்கு அனுப்பு. நான் ஓகே சொன்னதும் பெரிய ஃபைல மதுரைக்குத் தட்டிவிட்ரு. பிரிண்டு போட்டு ஒங்க அப்பா பஸ்லயே ஏத்தி விட்ருவாங்க."

எங்கள் கடையில் பெரிய மிஷின் கிடையாது. ஃபைலை மெயிலில் அனுப்பினால் மதுரையில் அச்சடித்துச் சுருட்டித் தருவார்கள். விடியுமுன்னே கட்டுகிற ஆட்கள் சட்டத்தில் அடித்துத் தூக்கி நிறுத்திவிடுவார்கள். அவர்களுக்கு நேராக இருக்கிறதா என்பதுதான் கவலை. யார் முகம் என்று பார்க்க மாட்டார்கள். எனவே ப்ரூஃபைத்தான் மாமா பார்ப்பார். ப்ரூஃப் ஒன்று, ஃபைல் ஒன்று என்று யாரும் இதுவரைக்கும் அனுப்பியதில்லை. யாருக்கும் அது தோன்றியதும் இல்லை.

கனி றெக்கை வைத்த வெள்ளைக் குதிரைமேல் உட்கார்ந்திருந்தாள். டிராகன் அவளைச் சுற்றி வளைந்து பூ துப்பியது. அவளையும் வெளுத்திருந்தார்கள். ஆனால் சிரிப்பு அவளுடையது. முன்பல் இரண்டும் தெரிய, அவள் எப்போதும் சிரிக்கிற மாதிரி.

பெயர்களை அடித்தேன். ப்ரூஃப் அனுப்பினேன். மாமா குரலிலேயே பதில் அனுப்பினார், பின்னால் மேளக்காரர்கள் சத்தம்: "தூக்கிட்ட மருமகளே! தட்டிவிடு!"

அப்புறம் கடையின் கண்ணாடிக் கதவைச் சாத்தினேன்.

முதலில் குதிரைமேல் மாமா முகத்தை ஒட்டினேன். பட்டுப் புடவை, ஒட்டியாணம், நெத்திச்சுட்டி, அதற்கு நடுவில் மாமாவின் மீசையும் கறுப்புக் கண்ணாடியும். தனியாகச் சிரித்தேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. டிராகனுக்கு அப்பா முகத்தை வைத்தேன், உடனே எடுத்துவிட்டேன்.

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இதுவும் அந்தப் பக்கத்துக்காரர்கள் பார்த்துச் சிரிக்கிற ஒன்றுதான். மாமாவே சிரித்துவிடுவார். அன்வர் அண்ணன் செய்த தப்பு என்று பேச்சை முடித்துவிடுவார்கள். எனக்கு யாரும் சிரிக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் பழையபடி வைத்தேன். குதிரை, டிராகன், பூ, ஓரத்தில் மாமா, கீழே வரிசையாக அத்தனை ஆம்பளைகள், எல்லோரும் கும்பிட்டுக்கொண்டு, போன் பேசிக்கொண்டு. கனியை மட்டும் வெட்டி எடுத்தேன். ஓரத்தைக் கூர்மையாக வெட்டினேன், தலைமுடி பறக்கிற இடம், காதோரம், விரல்கள், ஒன்றுவிடாமல். அவள் இருந்த இடத்தில் ஒரு சிறுமியின் வடிவத்தில் வெறும் வெள்ளை. குதிரைமேல் ஒரு வெள்ளை ஓட்டை உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுற்றி அத்தனை நிறமும் கத்துகிறது.

தள்ளி நின்று பார்த்தேன். நிழல் எப்படி விழுகிறது என்று பார்த்தேன். நன்றாக இருந்தது. நான் செய்ததிலேயே, இல்லை, நான் இதுவரைக்கும் பார்த்ததிலேயே நன்றாக இருந்தது.

"எங்கள் வீட்டு இளவரசி கனிஷ்கா" என்ற வரியை எடுத்துவிட்டு, அதே தங்க எழுத்தில் அடித்தேன்: "இளவரசி வீட்டில் படித்துக்கொண்டிருக்கிறாள். எல்லோரும் போய் உங்கள் வேலையைப் பாருங்கள்."

மதுரைக்கு அனுப்பிவிட்டேன். மூன்றும் அதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்துக்கும் ஒரு செய்தி எழுதினேன். சின்னப் படம் ஒன்றை இணைத்து, கீழே "வடிவமைப்பு: பவதாரணி" என்று எழுதிப் பார்த்தேன். எழுதினால் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான். அனுப்பவில்லை. அனுப்பினேனா என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம்.

கனிக்காகத்தான் இதைச் செய்தேன்.

ராத்திரி கடைசி டிரிப் முடிந்து அப்பா வந்தார். சுருளைப் பஸ் சீட்டில் போட்டால் கசங்கும் என்று மதுரையிலிருந்து டிரைவர் பக்கத்தில் நிறுத்தி, ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்தாராம். தூங்குகிற பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். "தொடாதீங்க, மை காயலன்னு சொன்னான்" என்று எல்லோரையும் விலக்கினார். பிரித்துப் பார்க்கச் சொன்ன சித்தியை அதட்டினார். "விடிஞ்சதும் ஊரோட சேந்து பாப்போம். அதுதான் அழகு."

என்னைக் கூப்பிட்டு, "நீதான் பூராம் டைப் அடிச்சியாமே, மாமன் சொன்னான்" என்று தலையில் கை வைத்தார். அந்தக் கையைத் தட்டிவிட முடியவில்லை. தட்டிவிட நினைக்கவும் இல்லை. அதற்காக என்மேல் எனக்குக் கோபம்.

இப்போது சொன்னாலும் நிறுத்திவிடலாம். சொல்ல மாட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்னும் இருட்டாகத்தான் இருக்கிறது. வீடு நிறையச் சொந்தக்காரர்கள், ஹாலில் கால் வைக்க இடமில்லை. நான் ஸ்டோர் ரூமுக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருக்கிறேன். அம்மா எழுந்து மஞ்சள் அரைக்கிறாள், சத்தம் கேட்கிறது.

கட்டுகிற ஆட்கள் போய்விட்டார்கள். மூன்றும் நின்றிருக்கும்.

மண்டபத்திலிருந்து முதல் போன் யாருக்கு வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டது. அப்பாவுக்கு. "என்னது?" என்றார். மறுபடி, "எந்த முக்குல? ரெண்டுலயுமா?" என்றார். வெறுங்காலோடு ஓடுகிற சத்தம் கேட்கிறது. அம்மா அரைப்பதை நிறுத்திவிட்டாள்.

மாமா பைக். தெருமுனையில் நிற்கிறது. மாமா ஏதோ கத்துகிறார், சொல் புரியவில்லை. யாரோ ஒரு பெரியம்மா, "ஐயையோ, அபசகுனமா பிள்ளைய வெட்டி எடுத்திருக்காகளே" என்று வாசலில் நின்று அழுகிறாள். அபசகுனம். அது எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு வெள்ளை வெள்ளையாகத்தான் தெரிந்தது. அவர்களுக்கு அது வேறு என்னவோ. கனி அங்கே இல்லை என்று சொல்லத்தான் செய்தேன். கனியே இல்லை என்று அவர்கள் படிப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டேனா? தெரியவில்லை. பொய் எழுத நேரமில்லை.

ஹாலில் பேச்சு நின்றுவிட்டது. எல்லோரும் வாசலுக்குப் போய்விட்டார்கள்போல. மாமா "தாரணி எங்க" என்று கேட்கிறார். இந்தத் தடவை மருமகளே என்று சொல்லவில்லை.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

அப்பா இல்லை. அப்பா தட்டினால் தாழ்ப்பாள் ஆடும். இது ஒரு விரலால் தட்டுகிற சத்தம், கீழே, என் இடுப்பு உயரத்தில். உலக்கையைத் தாண்டி எழுந்து வந்திருக்கிறாள். வரக்கூடாது. யாராவது பார்த்தால் அவளையும் சேர்த்து

"அக்கா," என்கிறாள். அழவில்லை. "அக்கா, என் படம் எங்கக்கா?"

நான்